எண்ணெய் ஊசி

எண்ணெயில் கரைத்த மருந்தைக் குளிர்ந்தபடியே குத்தக் கூடாது. குப்பியைக் கொஞ்ச நேரம் அக்குளில் இடுக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும். நான் காய் நறுக்குவேன். உடம்புச் சூட்டில் எண்ணெய் இளகிவிடும். ஊசிக்குள் தடையில்லாமல் ஏறும், தசைக்குள் தடையில்லாமல் இறங்கும். அவசரப்பட்டால் குத்தின இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி நிற்கும். பாதி நர்ஸுகளுக்கு இது தெரியாது. தெரிந்த பாதிக்குப் பொறுமை கிடையாது.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதை ஊசியிலிருந்துதான் தொடங்க முடியும். வாக்குமூலத்தை அந்த அம்மா தட்டச்சு செய்ய வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

நான் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளாக இருக்கிறேன். பலகையில்தான் கால்நடை. வருவதெல்லாம் நாயும் பூனையும். பரிசோதிக்கும்போது பிடித்துக்கொள்வது, ரோமம் மழிப்பது, ஊசி போடுவது, செத்தால் துணியில் சுற்றிக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. ஒரு நாய் பயந்திருக்கிறதா, பாயப்போகிறதா என்று காதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மனிதர்களுக்குக் காது அசைவதில்லை. அதனால் அவர்களிடம் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. எனக்கு ஓரகத்தி. கட்டடத்தில் கீழே நாங்கள், மேலே அவர்கள். மாமியார் எந்த வீட்டில் சோறு நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டில். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கொழுந்தன் சரக்குக் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் கிடப்பான். அவள் பால் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வண்டி வண்டியாக வருகிற பாலை முகர்ந்து, ருசித்து, இது இருக்கட்டும், இது திரும்பிப் போகட்டும் என்று சொல்கிற வேலை. மாடு முதல் நாள் என்ன தின்றது என்பதைப் பாலை முகர்ந்தே சொல்வாள் என்பார்கள். வீட்டில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். வைத்தது என் கணவர். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அந்த மூக்குக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "என்னமோ வாடை வருதே" என்றாள். உள்ளே வரவில்லை. நான் அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தேன். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், உறவுக்காரர்கள் நிறையப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் கரண்டியை எடுத்தேன். அவள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க, நான் போடறேன். நாய்க்குக் குத்தற கை." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பந்தியே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அவர் சிரித்தது பெரிதில்லை, அவர் எதற்கும் சிரிப்பார். நானும் சிரித்தேன். சாப்பிட்ட கையைக் கழுவும்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

மூத்த ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பாள். மாமியாரிடம் பேசும்போது "கீழ் வீட்டுல" என்பாள். ஒரு ஆளைப் பெயரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். அந்தச் சிரமத்தை அவள் எனக்காகப் பட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள், பிள்ளையில்லாதவள், வயிற்றெரிச்சல், என்று மனதுக்குள் எழுதியிருப்பீர்கள். அழித்துவிடுங்கள். எனக்கு இரண்டு பெண்கள். இரண்டும் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கின்றன. பிள்ளை பெறுவது எனக்குத் தும்மல் போடுகிற மாதிரி. தங்காதது அவளுக்குத்தான். பல தடவை தள்ளிப்போய், பல தடவை ஏமாந்து, கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, உறைய வைத்து, பிறகு உள்ளே வைக்கிற வைத்தியம். முதல் முறை வைத்தது நிற்கவில்லை. அடுத்த முறை நின்றது.

நின்றதை நிறுத்தி வைக்கத்தான் ஊசி. சாதாரணமாகக் கரு உண்டானால் கருப்பையைப் பிடித்து வைக்கிற சுரப்பு உடம்பிலேயே ஊறும். புரொஜெஸ்டிரோன் என்பார்கள். இப்படி வெளியிலிருந்து வைக்கிறவர்களுக்கு அது ஊறாது, நஞ்சுக்கொடி தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கும் வரை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். மாத்திரையும் உண்டு. அவளுக்கு எண்ணெய் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒன்று, இடுப்புக்குக் கீழே, ஒருநாள் வலம், ஒருநாள் இடம்.

முதலில் பக்கத்துத் தெரு நர்ஸிடம் போனாள். அந்த அம்மா சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கிறவள். ஒரு வாரத்துக்குள் மூக்குக்காரி மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பி ஏறினாள். மாமியார்தான் சொன்னாள். "வீட்லயே ஊசிக்காரிய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் ஏன்டி நொண்டற?"

மறுநாள் காலையில் வந்தாள். எங்கள் வாசலில் அதே இடத்தில் நின்றாள். கையில் மருந்துப் பெட்டி.

"அக்கா, போட்டு விடறீங்களா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவினேன். இரண்டு முறை சோப்புப் போட்டேன், அவள் பார்க்கும்படி. பிறகு குப்பியை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு காய் நறுக்க உட்கார்ந்தேன். அவள் காத்திருந்தாள். என் வீட்டுக்குள், என் கட்டில் ஓரத்தில்.

வலிக்கவில்லை என்றாள். நம்ப முடியாமல் எழுந்து நடந்து பார்த்தாள். "நிஜமாவே போட்டுட்டீங்களா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். குப்புறப் படுப்பாள், முகத்தை என் தலையணையில் வைத்துக்கொள்வாள். அந்த மூக்கு, என் தலையணையில். எண்ணெய் மெதுவாக இறங்க வேண்டும், அதுவரை பேசிக்கொண்டிருப்பாள். மார்பு கனக்கிறது, தூக்கமாக வருகிறது, வயிறு உப்புசமாக இருக்கிறது என்பாள். ஒவ்வொன்றையும் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி சொல்வாள். அதெல்லாம் ஊசியால் வருவது. கரு இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். எனக்கு அது தெரியும். அப்போது அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஸ்கேனுக்கு வெளியூர் போய் வந்தாள். பை தெரிகிறது, துடிப்பு இன்னும் தெரியவில்லை, வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கலாம் என்றார்களாம். அங்கே ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து நம் ஊர் பரிசோதனை நிலையத்திலேயே இன்னொரு முறை கொடுத்தால் போதும், கணக்கைப் பார்த்துப் போனில் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். போன் நம்பர் என்னுடையது. அவள் வேலை பார்க்கிற கூடத்துக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. கொழுந்தன் கடலில். ஊசி போடுகிறவள் நான். அதனால் அவளே என் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாள்.

போன் வந்தபோது நாங்கள் ஒரு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தோம். நாயை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து பேசினேன்.

"நீங்க அவங்க அக்காதானே?"

"ஆமா."

"ரத்தத்துல ஹார்மோன் நம்பர் ஏறணும், இறங்கியிருக்குங்க. வளர்ச்சி இல்ல. டாக்டர் ஊசிய நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிறுத்தினா சில நாள்ல கரு தானா வெளிய வந்துடும். வரலைன்னாலும், காய்ச்சல் அடிச்சாலும் உடனே கூட்டிட்டு வந்துடணும். நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. போன்ல சொன்னா தாங்க மாட்டாங்க."

"சரி சிஸ்டர்" என்றேன்.

நல்ல பெண். குரலில் வருத்தம் இருந்தது. அவள் மேல் எதையும் போடாதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொன்னாள்.

உள்ளே வந்து மிச்ச நகத்தையும் வெட்டினோம்.

சாயங்காலம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போன் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

நான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க? எனக்குத் தெரியும். காலையிலேர்ந்து எனக்கு மனசு லேசா இருந்துச்சு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளே கேட்டாள், அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நடுவில் புகுந்து பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

"அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?"

"மூணாவது மாசம் முடியட்டும்னாங்க. அதுவரைக்கும் அலைய வேணாம்."

இது ஒன்றுதான் நான் வாய்விட்டுச் சொன்ன பொய். ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேறு வந்தால் திருத்திக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். ஊசியை நிறுத்த வேண்டாம் என்று நான் முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. முடிவு எதுவும் எடுக்கவில்லை. குப்பி அக்குளில் இருந்தது, கத்திரிக்காய் பாதி நறுக்கியிருந்தது, அவள் குப்புறப் படுத்துவிட்டாள். போட்டேன்.

எங்கள் கிளினிக்கில் பொய்ச்சினை என்று ஒன்று பார்ப்போம். பெண் நாய்க்கு வயிற்றில் குட்டியே இருக்காது. ஆனால் உடம்பில் அந்தச் சுரப்பு ஏறி இறங்கினதில் நாய் நம்பிவிடும். மூலையில் துணியை இழுத்துப் போட்டுப் படுக்கை கட்டும். பால்கூட ஊறும். ஒரு வீட்டில் ரப்பர் செருப்பு ஒன்றைக் குட்டி என்று வைத்துக்கொண்டது. நக்கிக் கொடுக்கும், அணைத்துக்கொண்டு தூங்கும், யார் பக்கத்தில் போனாலும் உறுமும். வீட்டுக்காரர் அதைப் பிடுங்கப் போய்க் கையில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் அவரிடம், "பிடுங்காதீங்க. அதுவா விடற வரைக்கும் விட்டுருங்க" என்றார். நானும் பிடுங்கவில்லை. முதல் சில நாட்கள் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த நாய்க்கு யாரும் ஊசி போடவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் சொன்னதை யோசித்துப் பாருங்கள். மார்பு கனத்தது என்னால். தூக்கம் வந்தது என்னால். வயிறு உப்பியது என்னால். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சந்தோஷப்பட்ட ஒவ்வொன்றும் என் அக்குளில் சூடாகி என் கையால் உள்ளே போனது. மாமியார் அவளைப் படியேற விடாமல் கீழே எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கொழுந்தன் எங்கேயோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "அண்ணி, நீங்க இருக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா சோறாக்கறேன்" என்றான். எல்லாரும் ஒரு கர்ப்பத்தைக் கொண்டாடினார்கள். அந்த வீட்டில் இருந்த கர்ப்பம் நான்தான்.

வாந்தி நின்றுவிட்டது. அது மட்டும் ஊசியால் வராது. "வாந்தியே காணோமேக்கா" என்றாள் ஒருநாள். "சிலருக்கு நின்னுடும்" என்றேன். உண்மைதான். சிலருக்கு நிற்கும்.

அந்த நர்ஸ் பெண் மறுபடி கூப்பிட்டாள். "ஆச்சாங்க?" என்றாள். "ஆச்சு சிஸ்டர்" என்றேன். எது ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?" என்றாள். "யார்கிட்டயும் பேசற மாதிரி இல்லைங்க" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள். சரி, இதையும் சேர்த்து இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மருந்து தீர்ந்தபோது பழைய சீட்டைக் காட்டி நானே கடையில் வாங்கினேன். கடைக்காரர் "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். "நல்லபடியா போய்க்கிட்டு இருக்கு" என்றேன்.

இனி சொல்வதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன். ஒருநாள் காலையில் ஊசி போட்டு, அந்த இடத்தைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. தலையணையில் முகத்தை வைத்தபடியே பேசினாள்.

"அக்கா, அன்னிக்குப் பந்தியில ஒண்ணு சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்ன?"

"கையப் பத்தி."

"ஞாபகம் இல்லையே" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்ப எனக்குத் திமிரு. எத்தனை பேர் கை வச்சாங்க இந்த உடம்புல, ஒரு கை கூட இப்படி இல்லக்கா. குழந்தை பிறந்ததும் முதல்ல உங்க கையிலதான் கொடுப்பேன்."

அழுதாள். தலையணை உறை நனைந்தது.

நான் அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. போன் வந்த அன்றே நான் சொல்லியிருந்தால் அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் தேறியிருப்பாள். நான் மறுபடி கீழ் வீடு ஆகியிருப்பேன். அந்த வார்த்தை வந்தே இருக்காது. அப்படிப் பார்த்தால் எங்கள் இருவருக்கும் நல்லதுதான் நடந்தது. நான் அவளை மனதார மன்னித்தேன். அவள் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாளும் ஊசி போட்டேன்.

ஏன் என்கிறீர்கள். மன்னித்தால் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். மன்னிப்பு வேறு, வேலை வேறு. தவிர, ஒருமுறை கேட்டுவிட்ட மன்னிப்பு அன்றைக்கு மட்டும்தான் இனிக்கிறது. மறுநாள் காலையில் அவள் மறுபடி என் அறை வாசலில் வந்து நின்று அக்கா என்று கூப்பிட்டால்தான் அது செல்லும். வந்தாள். ஒருநாள் தவறாமல் வந்தாள். நானும் ஒருநாள் தவறவில்லை.

எங்கள் கிளினிக்குக்கு விடுமுறை நாள் அன்று. தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் சோபாவில் படுத்திருந்தாள். இரண்டு மூன்று நாட்களாகக் கொஞ்சம் சோர்வு. திடீரென்று தலையைத் தூக்கி முகர்ந்தாள். பாலை முகர்வது போலச் சின்னச் சின்னதாக, இரண்டு முறை.

"அக்கா, ஒரு கெட்ட வாடை வருதுல்ல?"

"என்ன வாடை?"

"தெரியல. திரிஞ்ச வாடை இல்ல. இது வேற. கிட்டத்துலதான் இருக்கு."

எனக்கு வரவில்லை. மாமியாருக்கு வரவில்லை. யாருக்கும் வருவதற்கு முன் அவளுக்கு வந்துவிட்டது. அந்த மூக்கை நான் அதுவரை சும்மா கர்வம் என்றுதான் நினைத்திருந்தேன். அது உண்மையிலேயே நல்ல மூக்கு. இன்னொரு நிமிஷம் விட்டிருந்தால் வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்திருக்கும்.

"என்மேலதான் வரும்" என்றேன். "நாய்ங்க கூடக் கிடக்கறவதானே. எத்தனை குளிச்சாலும் போகாது."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, உங்களைச் சொல்லலக்கா. சத்தியமா உங்களைச் சொல்லல. எனக்குத்தான் இப்ப எதைப் பாத்தாலும் வாடையடிக்குது. மாசமா இருந்தா அப்படித்தானாம்." எழுந்து வந்து என் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். துணி மடிக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தனை வருஷம் அந்த மூக்கை நம்பி என்னை வாசலில் நிறுத்தியவள், அன்றைக்கு என் மனம் நோகக் கூடாது என்று மூக்கை நம்பாமல் விட்டாள். எவ்வளவு மாறிவிட்டாள் பாருங்கள்.

பிறகு காய்ச்சல். ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டி இருந்தது, நிஜமாகவே. "கட்டியாலதான் சுரம்" என்றேன். மாத்திரை கொடுத்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மாமியார் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். "கண்ட மருந்தும் கொடுத்துக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றேன். மாமியார் வாயை மூடிக்கொண்டாள். இது எத்தனாவது என்று நான் எண்ணவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் மத்தியானம் பல் தந்தியடிக்கிற மாதிரி நடுங்கினாள். உதடு வெளுத்துவிட்டது. என் கணவர் சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் எதற்கும் சிரிக்கிறவர் என்று சொன்னேனே, அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு. "இது எப்பவோ நின்னு போச்சேம்மா. இத்தனை நாள் எப்படி உள்ளேயே இருந்துச்சு? கருப்பையெல்லாம் அழுகிக் கிடக்கு" என்றார். "ஊசி ஏதாவது போட்டீங்களா?"

மாமியார் என் பக்கம் கையைக் காட்டினாள். "இவதான் போட்டா. ஒருநாள் விடாம போட்டாளே, பாவம்."

பாவம் என்றுதான் சொன்னாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

கருப்பையை எடுத்துவிட வேண்டும், அதுவும் தாமதம்தான் என்றார்கள். ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் என் கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதனால் என்னையும் உள்ளே விட்டார்கள். தள்ளுகிற ஆள் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்.

கதவு மூடியதும் கண்ணைத் திறந்தாள்.

"டாக்டர் என்னமோ சொல்றாரே. குழந்தை இருக்குல்லக்கா?"

அதுவரை அவள் என்னிடம் நேராக இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நேராகக் கேட்டால் எனக்குப் பொய் வராது.

"இல்ல" என்றேன். "அது போய் ரொம்ப நாளாச்சு. அன்னிக்கு வந்த போன் அதுக்குத்தான். ஊசிய நிறுத்தச் சொன்னாங்க. நான்தான் நிறுத்தல."

என்னையே பார்த்தாள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

"மறந்துட்டீங்களா?"

என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அந்த நிலையிலும் எனக்கு ஒரு காரணம் தேடிக் கொடுத்தாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், அதை நம்பிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் எங்களுக்குள் இனி ஒளிவுமறைவு வேண்டாம் என்று தோன்றியது.

"மறக்கல" என்றேன். "தெரிஞ்சுதான் போட்டேன்."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை. ஆபரேஷன் மேசையிலிருந்தே திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், கடைசி நாள் காலை வரை செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அதைச் சொன்ன பிறகும் அவள் என் கையை விடவில்லை. உதறத் தெம்பில்லை, விரல்களில் உணர்வே இருந்திருக்காது என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். அவர் அவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். ஒரு கை நம்மைப் பிடித்திருப்பதற்கும், நம் கையில் சும்மா கிடப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.